குப்புறப் படுத்தால்தான் மூச்சு வரும்... சின்னத் தாடையோடு பிறக்கும் குழந்தைக்குக் கத்தியில்லாத சிகிச்சை என்ன?

குழந்தை வரம் கேட்டு திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாள் கோயிலுக்கு வந்து, பால் பாயசம் வாங்கிச் சாப்பிட்டுப் போவது ராமநாதபுரம் பக்கத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம். தசரதரே இங்கு வந்துதான் பிள்ளை வரம் கேட்டார் என்கிறது தலபுராணம்.

அப்படி ஏங்கிப் பெற்ற பிள்ளை, பிறந்த முதல் ராத்திரியே மூச்சுக்குத் திணறினால்?

சளி இல்லை. காய்ச்சல் இல்லை. இதயத்திலும் கோளாறு இல்லை. முகவாய் மட்டும் கொஞ்சம் உள்ளே போன மாதிரி இருக்கிறது. மல்லாக்கப் போட்டால் 'கர்... கர்...' என்று சத்தம். தூக்கித் தோளில் போட்டால் சத்தம் அடங்கிவிடுகிறது. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் "கபம் கட்டியிருக்கு" என்பார்கள். உரைமருந்து கொடுக்கலாம் என்பார்கள். இன்னும் சில வீடுகளில் மூக்கில் ரெண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்வார்கள்.

பிரச்னை நெஞ்சில் இல்லை. நாக்கில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த நாக்கைத் தாங்க வேண்டிய தாடையில் இருக்கிறது.

நாக்கு எப்படி மூச்சை அடைக்கும்?

இந்த நிலைக்கு 'பியர் ராபின் சீக்வென்ஸ்' என்று பெயர். 1923-ல் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பியர் ராபினின் பெயர்தான் அது. 'சீக்வென்ஸ்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்று நடந்து, அதனால் இன்னொன்று, அதனால் மற்றொன்று என வரிசையாகச் சரியும் சங்கதி இது.

கருவில் மூன்றாவது மாதத்துக்குள் கீழ்த்தாடை முன்னால் வளர்ந்து, நாக்கு கீழே இறங்க இடம் கொடுக்க வேண்டும். தாடை வளரவில்லை என்றால் நாக்கு மேலேயே நிற்கிறது. அந்த நேரத்தில்தான் அண்ணம், அதாவது வாயின் மேற்கூரை, இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் ஒட்ட வேண்டும். நடுவில் நாக்கு நின்றால் எப்படி ஒட்டும்? அங்கே ஒரு பிளவு விழுகிறது. பிறந்த பிறகு பார்த்தால் சின்னத் தாடை, பின்னால் சரிந்த நாக்கு, பெரும்பாலான குழந்தைகளுக்கு அண்ணத்தில் அகலமான பிளவு.

மல்லாக்கப் படுத்தால் நாக்கின் அடிப்பகுதி தொண்டைக்குள் சரிந்து, மூச்சுப் பாதையைப் பாதியோ முழுதாகவோ மூடுகிறது. பெரியவர்கள் தூக்கத்தில் குறட்டை விடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆனால் பச்சிளங்குழந்தையின் மூச்சுப் பாதை அகலம் சில மில்லிமீட்டர்தான். அங்கே கொஞ்சம் அடைத்தாலும் பெரிய அடைப்பு.

உதடு நன்றாக இருக்கும் என்பதால், வாயைத் திறந்து பார்க்காவிட்டால் அண்ணப்பிளவு தெரியாது. இதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். உதட்டுப்பிளவு என்றால் பிறந்த நொடியிலேயே எல்லோர் கண்ணிலும் படும். சின்ன முகவாயைப் பார்த்து "அப்பத்தா ஜாடை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கிரகண நேரத்தில் கர்ப்பிணி வெளியே வந்ததால்தான் பிளவு வந்தது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அம்மாவைக் குற்றவாளி ஆக்குவதைத் தவிர அந்த நம்பிக்கையால் எந்தப் பயனும் இல்லை. சிலருக்கு மரபணு காரணம், பலருக்குக் காரணமே தெரிவதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

எத்தனை பேருக்கு வருகிறது?

உலக அளவில் 8,500 முதல் 14,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டரை லட்சத்திலிருந்து ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அந்தக் கணக்கை இங்கே பொருத்தினால் ஆண்டுக்கு 60 முதல் 100 குழந்தைகள். 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் ஒரு மாவட்டத்துக்கு இரண்டு, மூன்று.

கேட்க சின்ன எண்ணாகத் தெரியும். ஆபத்தே அந்தச் சின்ன எண்ணில்தான். ஒரு கிராம சுகாதார செவிலியர் தன் முழு சர்வீஸிலும் இப்படி ஒரு குழந்தையைப் பார்க்காமலே ரிட்டயர் ஆகலாம். பார்க்கும் ஒரே ஒரு நாளில் அடையாளம் தெரியாமல் போனால், அந்த வீட்டுக்கு அதுதான் நூறு சதவீதம்.

இது தவிர ட்ரெச்சர் காலின்ஸ், ஸ்டிக்லர், க்ரூசான், ஏபெர்ட் என்று முகம், மண்டை எலும்பு வளர்ச்சி பாதிக்கப்படும் வேறு நிலைகளும் உண்டு. சிலவற்றில் கீழ்த்தாடை சின்னது, சிலவற்றில் நடுமுகமே உள்வாங்கியிருக்கும். அடைப்பு எங்கே என்பது மாறும். மூச்சுத் திணறல் எல்லாவற்றிலும் பொது.

முதல் சிகிச்சை: திருப்பிப் போடுவது

இந்தக் குழந்தைகளுக்கு மருத்துவர்கள் முதலில் செய்வது ஆபரேஷன் இல்லை. குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கிறார்கள், அல்லது ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார்கள். புவியீர்ப்பு நாக்கை முன்னால் இழுக்கிறது, மூச்சுப் பாதை திறக்கிறது. செலவு பூஜ்ஜியம். பாதிப்பு லேசாக உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் இதிலேயே சமாளித்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். கைக்குழந்தையை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும், குப்புறப் போடக்கூடாது என்றுதானே எல்லா டாக்டரும் சொல்கிறார்கள்? சரிதான். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறப்பதைத் தடுக்க, 1990-களிலிருந்து உலகம் முழுக்க சொல்லப்படும் அறிவுரை அது. நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு அந்த விதி அப்படியே பொருந்தும். ராபின் குழந்தைக்கு மட்டும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கும் மருத்துவமனையில், ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் காலில் மாட்டியிருக்க, பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான். இதைப் படித்துவிட்டு வீட்டில் குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்க வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். குப்புறப் போட்டதும் சத்தம் குறைந்துவிட்டது என்பதற்காக அடைப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. சில குழந்தைகளுக்கு ஆழ்ந்த தூக்கத்தில் அடைப்பு மறுபடி வரும். ஆக்சிஜன் அளவு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் பெரிய மையங்களில் 'ஸ்லீப் ஸ்டடி' எடுக்கிறார்கள். குழந்தை தூங்கும்போது மூச்சு எத்தனை முறை நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இரவு முழுக்கப் பதிவு செய்யும் பரிசோதனை அது. அந்த வசதி இல்லாத இடத்தில் எளிய தராசு ஒன்று கைகொடுக்கும், எடை பார்க்கும் தராசு. முதல் வார எடைக்குறைவு முடிந்த பிறகு, குழந்தை நாளுக்கு 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். பால் குடித்தும் எடை ஏறவில்லை என்றால், குடித்த பாலெல்லாம் மூச்சு இழுப்பதற்கே செலவாகிறது என்று அர்த்தம்.

நம்மூர் சேலைத் தொட்டிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொட்டிலில் குழந்தையின் உடம்பு வளைந்து, முகவாய் நெஞ்சில் முட்டும். மற்ற குழந்தைகளுக்கு அது தாலாட்டு. தாடை சின்னதாக உள்ள குழந்தைக்கு, ஏற்கெனவே குறுகிய பாதையை இன்னும் மடித்துவிடும் விஷயம். இந்தக் குழந்தைகளுக்குத் தொட்டில் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆக்கிவிடும்.

இரண்டாவது: மூக்கு வழியாக ஒரு ட்யூப்

திருப்பிப் போட்டும் சரியாகவில்லை என்றால் அடுத்த வழி 'நேசோஃபாரிஞ்சியல் ஏர்வே'. பெயர்தான் பெரிது. ஒரு மெல்லிய, மிருதுவான ட்யூப், அவ்வளவே. ஒரு மூக்குத் துவாரம் வழியாக உள்ளே போய், நாக்கின் அடிப்பகுதியைத் தாண்டி, குரல்வளைக்குச் சற்று மேலே நிற்கும். நாக்கு பின்னால் சரிந்தாலும் காற்று ட்யூப் வழியாகப் போய் வரும். வெளியே கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவைப்பார்கள்.

இதற்கென்று தனி ட்யூப் கிடைக்காவிட்டாலும் வேலை நடக்கும். வென்டிலேட்டருக்குப் பயன்படுத்தும் சாதாரண மூச்சுக்குழாய் ட்யூபையே, சரியான சைஸ் பார்த்து, நீளத்தை அளந்து வெட்டிப் பொருத்துகிறார்கள். அந்த ட்யூப் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் எப்போதும் இருக்கும் பொருள். இந்தச் சிகிச்சைக்கு விலை உயர்ந்த மெஷின் வேண்டாம். அளவு தெரிந்த கை வேண்டும். நீளம் குறைந்தால் நாக்கைத் தாண்டாது. கூடினால் குரல்வளையை உரசி, குழந்தை ஓங்கரிக்கும்.

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில், பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து, ட்யூபோடேயே குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ட்யூபில் சளி அடைத்தால் எப்படி உறிஞ்சி எடுப்பது, எப்படி மாற்றுவது, கழன்றுவிட்டால் என்ன செய்வது என்று எல்லாம் கற்றுக்கொடுத்த பிறகுதான் டிஸ்சார்ஜ். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ட்யூப் இருக்கும். அதற்குள் குழந்தை வளரும், நாக்கை அசைக்கும் தசைகளுக்குக் கட்டுப்பாடு வரும், மூச்சுப் பாதை அகலமாகும்.

லண்டனில் சரி, சேதுக்கரையில் எப்படி? கேள்வி நியாயமானது. உறிஞ்சும் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். பதற்றமில்லாமல் ட்யூப் மாற்றத் தெரிந்த ரெண்டு பேர் வீட்டில் வேண்டும், ஒருவர் போதாது. அப்பா கடலுக்குப் போயிருக்கும் ராத்திரியில் ட்யூப் அடைத்தால், அம்மாவும் பாட்டியும்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் முன் மருத்துவமனை பார்க்க வேண்டியது குழந்தையை மட்டுமல்ல, அந்த வீட்டையும்தான். கால் மிதியில் ஓடும் உறிஞ்சும் பம்புகளும் உண்டு என்பதைப் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

காற்றை லேசான அழுத்தத்தில் மூக்கு வழியாகத் தொடர்ந்து செலுத்தும் 'சிபாப்' இன்னொரு வழி. குறைமாதக் குழந்தைகளுக்குப் பயன்படுவதால் அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுக்கு இது பழக்கமான கருவி. நடுமுகம் உள்வாங்கிய குழந்தைகளுக்கும் உதவும். மாதக்கணக்கில் மாஸ்க் மாட்டினால் அதன் அழுத்தமே முக வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதால், நீண்ட நாளுக்கு யோசித்துத்தான் தருகிறார்கள்.

ஜெர்மனியிலிருந்து வந்த பிளேட்

கடந்த இருபது ஆண்டுகளில் இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் விஷயம் இதுதான். ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவான ஒரு பிளேட். தாத்தா பாட்டி மாட்டும் பல்செட்டின் மேல்பாகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், பல் இல்லாமல். அதன் பின்பக்கத்தில் நாக்கின் அடிவரை வளைந்து இறங்கும் ஒரு வால். குழந்தையின் வாய்க்கு அளவெடுத்து அக்ரிலிக்கில் செய்கிறார்கள். மேல் பகுதி அண்ணப்பிளவை மூடும். வால் பகுதி நாக்கின் அடியை முன்னால் தள்ளிப் பிடிக்கும். வால் சரியான இடத்தில் நிற்கிறதா என்று சின்ன கேமரா விட்டுப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கில் திருத்துவார்கள்.

2007-ல் வெளியான அவர்களின் ஆய்வில் 11 குழந்தைகளுக்கு இந்தப் பிளேட்டையும், வால் இல்லாத சாதாரண பிளேட்டையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார்கள். வால் உள்ள பிளேட்டில் மூச்சு நிற்பது சுமார் 70 சதவீதம் குறைந்தது. சாதாரண பிளேட்டில் மாற்றமே இல்லை. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் இப்படி அரிதான நிலையில் ஒரே குழந்தையிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வே அபூர்வம். அதன் பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டும் இதே வகைப் பிளேட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது.

மாதக்கணக்கில் நாள் முழுக்க மாட்டியிருக்க வேண்டும். தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். குழந்தை வளர வளர புதிதாகச் செய்ய வேண்டும். கூடவே, வாயில் பிளேட்டோடு பால் குடிக்கப் பழக்குகிறார்கள். உறிஞ்சும்போது தாடை முன்னால் அசைவது வளர்ச்சிக்கும் நல்லது என்பது அவர்கள் வாதம். தாடை மற்ற குழந்தைகள் அளவுக்கு எட்டிப் பிடிக்குமா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. "ஒரு வருஷத்துல தானா சரியாயிடும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். மூச்சு சீராவது வேறு, முகவாய் முன்னால் வருவது வேறு.

தமிழ்நாட்டுக்கு இது எட்டாத தொழில்நுட்பமா? உதட்டுப்பிளவோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, ஆபரேஷனுக்கு முன்பு மூக்கையும் ஈறையும் சீராக்க அக்ரிலிக் பிளேட் செய்து மாட்டுவது சென்னையின் பிளவு சிகிச்சை மையங்களில் பல ஆண்டுகளாக நடக்கும் வேலை. பிறந்த சில நாளே ஆன குழந்தையின் வாயில் அளவெடுக்கும் கை இங்கே ஏற்கெனவே இருக்கிறது. ராபின் குழந்தைக்கு அளவெடுப்பது அதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அளவெடுக்கும் மாவே மூச்சை அடைக்கலாம். அதனால் பல் மருத்துவரும் பச்சிளங்குழந்தை மருத்துவரும் ஒரே அறையில் நிற்க வேண்டும். உண்மையான சிக்கல் அதுதான். ஒரு டிபார்ட்மென்ட் ஒரு கட்டடத்தில், இன்னொன்று வேறு ஊரில் என்றால் பிளேட் சாத்தியமில்லை. 2023-ல் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. சென்னையைவிட ராமநாதபுரத்துக்கு அது எவ்வளவோ பக்கம்.

அப்போ ஆபரேஷனே வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. மேலே சொன்ன எதுவும் பலன் தராத குழந்தைகள் உண்டு. அவர்களுக்குத் தாடை எலும்பை வெட்டி, இடையில் கருவி வைத்து, நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் நீட்டும் 'டிஸ்ட்ராக்‌ஷன்' அறுவை சிகிச்சை இருக்கிறது. 1990-களிலிருந்து இது பரவலாகி, பல குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. நாக்கை உதட்டோடு தற்காலிகமாகத் தைத்து வைக்கும் முறையும் உண்டு. எதுவுமே முடியாதபோது கடைசியாகக் கழுத்தில் துளையிட்டு மூச்சு விட வைக்கும் ட்ரக்கியாஸ்டமி.

டிஸ்ட்ராக்‌ஷனில் முளைக்கப்போகும் பற்களும் தாடை நரம்பும் பாதிக்கப்படலாம். ட்ரக்கியாஸ்டமி குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்வது, மூக்கு ட்யூபைப் பார்த்துக்கொள்வதைவிடப் பல மடங்கு கடினம். அதனால் முதலில் கத்தியில்லாத வழி, அது தோற்றால் கத்தி என்பதே பெரும்பாலான மையங்களின் வரிசை. ஆனால் 'தோற்றால்' என்பதை யாராவது ராத்திரி பகலாக உட்கார்ந்து பார்த்தால்தானே கண்டுபிடிக்க முடியும்? கத்தியில்லாத சிகிச்சை என்றால் சுலபமான சிகிச்சை என்று பொருளில்லை. ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிகிறது. இது வாரக்கணக்கான கண்விழிப்பு.

'இலவச அறுவை சிகிச்சை முகாம்' என்று பேனர் வைத்துப் பார்த்திருப்பீர்கள். 'இலவசத் தூக்கக் கண்காணிப்பு முகாம்' என்று எங்கும் பேனர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆபரேஷனுக்கு முன், பின் என்று போட்டோ போடலாம். மூக்கில் ட்யூபோடு மூன்று மாதம் கிடந்த குழந்தையைப் போட்டோ எடுத்துப் போட எதுவும் இல்லை.

திருப்புல்லாணியில் ஒரு குழந்தை இப்படிப் பிறந்தால்?

திருப்புல்லாணியிலிருந்து ராமநாதபுரம் சுமார் 10 கிலோமீட்டர். அங்கே மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்தது இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று. மதுரை எய்ம்ஸின் முதல் பேட்ச் எம்பிபிஎஸ் மாணவர்கள் உட்கார்ந்து படித்ததும் இந்த வளாகத்தில்தான். அதைத் தாண்டி பெரிய இடம் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. ராமநாதபுரத்திலிருந்து 110 கிலோமீட்டருக்கு மேல்.

மூச்சுப் பாதை அடைபடும் குழந்தைக்கு அந்த 110 கிலோமீட்டர்தான் உயிர்ப் பிரச்னை. ஆம்புலன்ஸில் பெல்ட் போட்டு மல்லாக்கப் படுக்க வைத்து ஆக்சிஜன் மாஸ்க் வைத்தால் போதாது. பாதையே அடைத்திருக்கும்போது ஆக்சிஜன் எப்படி உள்ளே போகும்? உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் பச்சிளங்குழந்தை உயிர்காப்பு வழிகாட்டுதல் சொல்வது இது: குழந்தையைக் குப்புறத் திருப்பு. அப்படியும் முடியவில்லை என்றால் 2.5 மில்லிமீட்டர் ட்யூப் ஒன்றை மூக்கு வழியாகத் தொண்டை வரை மட்டும் விடு. இதைச் செய்ய ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை. தெரிந்தவர் தேவை. நாட்டில் பிரசவம் பார்க்கும் நர்ஸுகளுக்கும் மருத்துவர்களுக்கும் 2009 முதல் மத்திய அரசின் நவஜாத் சிசு சுரக்‌ஷா திட்டத்தில், பிறந்ததும் அழாத குழந்தையை எப்படி மூச்சு விட வைப்பது என்று பயிற்சி தருகிறார்கள். அங்கே கை முதலில் பழகுவது குழந்தையை மல்லாக்க வைத்து, கழுத்தை லேசாக நிமிர்த்தி, மாஸ்க் வைத்து பேக்கை அழுத்துவதற்கு. சின்ன முகவாயைக் கண்டதும் அதே கை குழந்தையைத் திருப்ப வேண்டும் என்பது பயிற்சியில் கூடுதலாக ஐந்து நிமிட விஷயம்தான்.

பிறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா? ஓரளவுக்கு. ஐந்தாம் மாத வாக்கில் எடுக்கும் 'அனாமலி ஸ்கேனில்' குழந்தையின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தால் தாடை சின்னதாக இருப்பது தெரியலாம். பனிக்குட நீர் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதும் ஒரு குறிப்பு. குழந்தை நீரைச் சரியாக விழுங்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அண்ணப்பிளவு மட்டும் இருந்தால் ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. சந்தேகம் என்று ரிப்போர்ட்டில் வந்தால், பிரசவத்தையே மதுரை போன்ற பெரிய மையத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பிறந்த குழந்தையை ஆம்புலன்ஸில் கொண்டுபோவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே கொண்டுபோவது எவ்வளவோ பாதுகாப்பு.

பிறந்த பிறகு கண்டுபிடிக்க அரசிடம் ஒரு வலை இருக்கிறது. 2013-ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தில் பிறவிக் குறைபாடுகளைத் தேடிக் கண்டறிந்து, மாவட்ட அளவிலான டிஇஐசி மையத்துக்கு அனுப்பி, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். அந்தத் திட்டத்தின் பிறவிக் குறைபாடுகள் பட்டியலில் ஒன்பது உண்டு, உதடு-அண்ணப்பிளவு அதில் ஒன்று. சின்னத் தாடை தனியாக இல்லை. எனவே ராபின் குழந்தை அண்ணப்பிளவு என்ற பெயரில்தான் வலையில் சிக்க வேண்டும். அதற்கு யாராவது வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அழும்போது பார்த்தால் ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கிராமத்து ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தால் இது நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊர்க்காரர்களையே சமூகப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, பிளவோடு பிறந்த குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி உள்ளிட்ட தொடர் கவனிப்பை வீட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோனது. அது பேச்சுக்கான ஏற்பாடு, மூச்சுக்கானது அல்ல. ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் ட்யூபோடு வீட்டுக்கு வந்த குழந்தையை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து, எடை போட்டு, மருத்துவமனைக்கு போனில் சொல்ல ஒருவர் இருந்தால் எவ்வளவு மாறும் என்பதை அங்கிருந்து யோசிக்கலாம்.

எதைப் பார்த்தால் உடனே கிளம்ப வேண்டும்?

தூங்கும்போதோ மல்லாக்கக் கிடக்கும்போதோ மட்டும் வரும் சத்தமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழேயும் கழுத்துக் குழியிலும் பள்ளம் விழுவது. ஒருமுறை பால் குடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது, குடிக்கும்போது வியர்ப்பது, மூக்கு வழியாகப் பால் வருவது. எடை ஏறாமல் இருப்பது. இவற்றில் எது இருந்தாலும் குழந்தைகள் மருத்துவரிடம் அன்றே காட்ட வேண்டும். உதடு நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது என்றால் 108. காத்திருக்கும் நேரத்தில் பாலோ தண்ணீரோ சங்கில் ஊற்ற வேண்டாம், வாய்க்குள் விரல் விட வேண்டாம். குழந்தையைக் கையில் ஏந்தி, முகம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸ் ஊழியரிடம் "மல்லாக்கப் போட்டா மூச்சு அடைக்குது" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறக்காதீர்கள்.

அண்ணப்பிளவு இருந்தால் தாய்ப்பாலை நேரடியாக உறிஞ்ச முடியாது. தாய்ப்பாலைப் பீய்ச்சி, பாலாடையிலோ அதற்கென்று உள்ள பாட்டிலிலோ, குழந்தையை நிமிர்த்தியோ ஒருக்களித்தோ வைத்துக் கொடுக்க மருத்துவமனையிலேயே கற்றுத் தருவார்கள். மூச்சு அதிகம் திணறும் குழந்தைக்குச் சில காலம் மூக்கு வழி உணவுக் குழாய் தேவைப்படும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

அண்ணப்பிளவை மூடும் ஆபரேஷன் வழக்கமாக ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் நடக்கும். ராபின் குழந்தைகளுக்குக் கொஞ்சம் தள்ளிப்போடுவதும் உண்டு. பிளவை மூடினால் மூச்சுப் பாதை மறுபடி குறுகும் என்பதால், தூக்கத்தில் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேதி குறிப்பார்கள். அதற்குள் கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிட வேண்டும். ஸ்டிக்லர் வகை என்றால் சின்ன வயதிலேயே கடுமையான கிட்டப்பார்வை வரும், விழித்திரை விலகும் ஆபத்தும் உண்டு. அண்ணப்பிளவு உள்ள குழந்தைகளுக்குக் காதுக்குள் நீர் கோத்து, கேட்கும் திறன் மந்தமாவது சாதாரணம். மூச்சு சரியாகிவிட்டது என்று மருத்துவமனைப் பக்கம் போவதை நிறுத்தும் குடும்பங்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான்.